காப்புப் பிரதிக்கு எதை நம்பலாம்?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். மடிக்கணினியில் ஏறத்தாழ 800 ஜிகாபைட் இருக்கிறது. பெரும்பகுதி குடும்பப் படங்களும் வீடியோக்களும். மீதி 6 ஆண்டுகளாகச் சேர்த்த ஆய்வுக் கோப்புகள். அலமாரியில் பழைய டிவிடிகள் 40 வேறு இருக்கின்றன. ஹார்ட் டிஸ்க், எஸ்எஸ்டி, பென் டிரைவ், டிவிடி, கிளவுட் இவற்றுள் எதில் எல்லாவற்றையும் போட்டுவைத்தால் 10 ஆண்டு கவலையின்றி இருக்கலாம் என்று கேட்கிறீர்கள்.

10 ஆண்டு திரும்பிப் பார்க்காமல் விட்டுவைக்கக்கூடிய சாதனம் எதுவும் இல்லை. எவ்வளவு செலவழித்தாலும் கிடைக்காது. ஆகவே சாதனத்தைத் தேடும் நேரத்தில் பாதியை வேறொரு கேள்விக்குக் கொடுங்கள்: இந்தப் பிரதி எதனால் அழியும்? மடிக்கணினியில் உள்ள மூலம், மேசைமேல் உள்ள பிரதி, வெளியிடத்தில் உள்ள பிரதி என ஒவ்வொன்றையும் பார்த்து இதைக் கேளுங்கள். ஒரே காரணத்தால் சேர்ந்து அழியக்கூடிய இரண்டு பிரதிகளை ஒன்று என்றே கணக்கில் வையுங்கள். பல ஆண்டுகளாகப் பிறருடைய கணினிகளைச் சரிசெய்து கொடுத்து வருகிறேன். தரவை இழந்து என்னிடம் வந்தவர்களில் பலரிடம் ஏதோ ஒரு பிரதி இருக்கத்தான் செய்தது. மூலம் போன வழியிலேயே அதுவும் போயிருந்தது.

இனி ஒவ்வொன்றாக வருகிறேன். உங்கள் அளவுக்கு ஹார்ட் டிஸ்க்தான் பொருத்தம் என்பது என் முடிவு. அதன் குறைகள் தெரிந்தே சொல்கிறேன். உள்ளே நிமிடத்துக்கு 5400 அல்லது 7200 முறை தட்டு சுழல்கிறது. அதற்கு மேலே சில நானோமீட்டர் உயரத்தில் படிக்கும் முனை மிதக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும்போது மேசையிலிருந்து விழுந்தால் அந்த இடைவெளி என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். பேக்பிளேஸ் என்ற கிளவுட் நிறுவனம், தன்னிடம் ஓடும் டிஸ்குகளில் எத்தனை பழுதாகின்றன என்ற கணக்கைப் பல ஆண்டுகளாக வெளியிட்டு வருகிறது. அண்மை ஆண்டுகளில் எல்லா மாடல்களையும் சேர்த்துப் பார்த்தால், ஆண்டுக்கு 100 டிஸ்குகளில் ஒன்று அல்லது இரண்டு என்ற அளவில் வருகிறது. இது அசையாத அடுக்குகளில், சீரான மின்சாரத்தில் ஓடும் டிஸ்குகளின் கணக்கு. பையில் போட்டு எடுத்துச் செல்லும் டிஸ்குக்கு இதை அப்படியே பொருத்தக் கூடாது. ஆனாலும் எண்ணிக்கை சிறியதுதான். சிக்கல் என்னவென்றால், அந்த நூற்றில் ஒன்று உங்களுடையதா என்பது முன்கூட்டித் தெரியாது.

சில சமயம் டிஸ்கே எச்சரிக்கும். ஸ்மார்ட் என்ற தன்னாய்வுக் குறிப்புகள் ஒவ்வொரு டிஸ்கிலும் பதிவாகின்றன. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போன்ற இலவச மென்பொருளால் அவற்றைப் படிக்கலாம். தட்டில் தரவு எழுதப்படும் சிறு பகுதிகளைச் செக்டர்கள் என்பார்கள். மாற்றி ஒதுக்கப்பட்ட செக்டர்கள், படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டர்கள் ஆகிய இரண்டு எண்களும் சுழியமாக இருக்க வேண்டும். அவை ஏறத் தொடங்கினால் அன்றே புதிய டிஸ்குக்கு மாற்றிவிடுங்கள். எச்சரிக்காமல் நின்றுபோகும் டிஸ்குகளும் உண்டு. 'டிக்... டிக்...' என்று சீரான இடைவெளியில் தட்டும் ஒலி கேட்டால் மின்சாரத்தைத் துண்டித்துவிடுங்கள். இன்னொரு முறை போட்டுப் பார்ப்போமே என்ற ஆசையில் ஒவ்வொரு முறை இயக்கும்போதும், பழுதான முனை தட்டின் மேற்பரப்பைச் சுரண்டக்கூடும். மீட்பு நிபுணர் எடுத்துத் தந்திருக்கக்கூடிய படங்களையும் அந்த ஆசை தின்றுவிடும்.

எஸ்எஸ்டியில் அசையும் பாகமே இல்லை. கீழே விழுந்தாலும் பெரும்பாலும் தாங்கும், வேகமும் அதிகம். மடிக்கணினியின் உள்ளே இருக்க அதைவிடச் சிறந்தது இல்லை. ஆனால் மேசை இழுப்பறையில் ஆண்டுக்கணக்கில் போட்டுவைக்க நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். அதில் தரவு மின்னேற்றமாக நுண்ணறைகளில் அடைபட்டிருக்கிறது. மின்சாரம் இல்லாமல் கிடந்தால் மெல்ல மெல்லக் கசியும். மின்னணுச் சில்லுகளுக்குத் தரநிலை வகுக்கும் ஜெடெக் அமைப்பின் கணக்குப்படி, எழுதும் ஆயுளை முழுதும் முடித்த சாதாரணப் பயனர் எஸ்எஸ்டி, மின்சாரமின்றி 30 டிகிரி வெப்பத்தில் ஓர் ஆண்டு தரவைத் தக்கவைத்தால் போதும். புதிதாக வாங்கி ஒருமுறை எழுதிவைத்தது அதைவிட நெடுங்காலம் தாங்கும் என்பது உண்மைதான். வெப்பம் கூடக்கூடக் கசிவும் கூடும் என்பதும் உண்மை. இன்னொன்று: எஸ்எஸ்டியில் தவறுதலாக அழித்த கோப்பை மீட்கும் வாய்ப்பு மிகக் குறைவு. அழித்த இடங்களை இயங்குதளம் டிஸ்குக்குத் தெரிவித்துவிடுகிறது. டிஸ்க் தன் போக்கில் அவற்றைத் துடைத்துவிடுகிறது.

பென் டிரைவை நம்பிக் காப்புப் பிரதி வைப்பது மண் குதிரையை நம்பி ஆற்றில் இறங்குவதுதான். ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கோப்பைக் கொண்டுசெல்ல அது உதவும், அதோடு சரி. கொள்ளளவைப் பொய்யாகக் காட்டும் போலிகளும் ஏராளம். 512 ஜிகாபைட் என்று காட்டும். உண்மையில் 32தான் இருக்கும். அதற்குமேல் எழுதியவற்றின் பெயர்கள் பட்டியலில் தெரியும், திறந்தால் உள்ளே எதுவும் இராது. வாங்கியே ஆக வேண்டும் என்றால், எச்2டெஸ்ட்டபிள்யூ அல்லது எஃப்3 என்ற சோதனை மென்பொருளால் முழுக் கொள்ளளவையும் ஒருமுறை எழுதிப் படித்துப் பாருங்கள்.

டிவிடியில் 4.7 ஜிகாபைட் கொள்ளும். 800 ஜிகாபைட்டுக்கு 170க்கு மேற்பட்ட தட்டுகள் வேண்டும். யாராலும் இதைத் தொடர்ந்து செய்ய முடியாது. சாதாரணத் தட்டில் தரவைத் தாங்குவது கரிமச் சாயம். ஒளியிலும் வெப்பத்திலும் ஈரத்திலும் அது சிதையும். எம்-டிஸ்க் என்ற வகையில் சாயத்துக்குப் பதிலாகக் கனிமப் படலம் இருப்பதால் நெடுநாள் நிற்கும் என்பது தயாரிப்பாளரின் கூற்று. எனக்குக் கவலை தட்டின் ஆயுளைப் பற்றியது அல்ல, அதைப் படிக்கும் கருவியைப் பற்றியது. டிவிடி டிரைவ் உள்ள புதிய மடிக்கணினி இன்று அரிது. எழுதக்கூடிய ப்ளூ-ரே தட்டுகளின் உற்பத்தியை சோனி நிறுவனம் 2025 பிப்ரவரியில் நிறுத்திக்கொண்டது. காந்த நாடா நம்பகமானதுதான். 2011இல் ஜிமெயிலில் ஒரு மென்பொருள் பிழையால் சில பயனர்களின் அஞ்சல்கள் மறைந்தபோது, கூகுள் அவற்றை நாடாவிலிருந்துதான் மீட்டது. ஆனால் நாடாவை எழுதும் கருவி தனியொருவர் வாங்கும் பொருள் அல்ல.

கிளவுட் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் கேள்வியிலேயே ஒரு குழப்பம் இருக்கிறது. 'என் படங்கள் எல்லாம் ஏற்கெனவே கிளவுடுடன் ஒத்திசைந்திருக்கின்றன' என்று எழுதியிருக்கிறீர்கள். ஒத்திசைவு வேறு, காப்புப் பிரதி வேறு. ஒத்திசைவின் வேலை இரண்டு இடங்களையும் ஒரேபோல் வைப்பது. இங்கே ஒரு கோப்புறையை அழித்தால் அங்கேயும் அழியும். இங்கே கோப்பு சிதைந்தால் சிதைந்த கோப்பு அங்கே போய் நல்ல கோப்பின் இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். பல சேவைகள் அழித்தவற்றைக் குறிப்பிட்ட நாட்கள் வரை குப்பைத் தொட்டியில் வைத்திருக்கும். அந்தக் கெடுவுக்குள் கவனித்தால் பிழைத்தீர்கள். மூன்று மாதம் கழித்து ஒரு படத்தைத் தேடும்போதுதானே நமக்கு இழப்பே தெரிகிறது? ஆகவே கிளவுடை வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் பழைய பதிப்புகளைப் பல மாதங்களுக்குக் காத்துவைக்கும் சேவையாகப் பார்த்து எடுங்கள்.

அதன் வலிமை இடத்தில் இருக்கிறது: உங்கள் வீடு எரிந்தாலும் அது எரியாது. ஆனால் கடவுச்சொல் தொலைவது, கணக்கு முடக்கப்படுவது, சந்தா கட்டத் தவறுவது, நிறுவனமே கைகழுவுவது என்று அதற்கே உரிய சாவுகள் உண்டு. 2003 முதல் 2015 வரை பயனர்கள் ஏற்றிய இசைக்கோப்புகளை சர்வர் மாற்றத்தின்போது இழந்துவிட்டதாக மைஸ்பேஸ் என்ற சமூக வலைத்தளம் 2019இல் ஒப்புக்கொண்டது. 2021 மார்ச் 10 அன்று ஸ்ட்ராஸ்பூர்க்கில் ஓவிஎச் நிறுவனத்தின் தரவு மையம் எரிந்தபோது, மூலமும் காப்புப் பிரதியும் அதே இடத்தில் இருந்த வாடிக்கையாளர்கள் இரண்டையும் சேர்த்து இழந்தார்கள். அரசாங்கமே ஆனாலும் கணக்கு இதுதான். 2025 செப்டம்பர் 26 அன்று தென்கொரியாவின் தேஜோன் நகரில் அரசுத் தரவு மையத்தில் தீப்பிடித்தது. அரசு ஊழியர்கள் தங்கள் பணிக்கோப்புகளைப் போட்டுவைத்திருந்த ஜி-டிரைவ் என்ற சேமிப்பகம், 858 டெராபைட், முற்றிலும் போயிற்று. அளவு பெரிது என்பதால் அதற்கு வெளியில் பிரதி எடுக்கவில்லை என்றார்கள்.

வேகத்தையும் கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்கள் இணைப்பின் ஏற்றும் வேகம் நொடிக்கு 10 மெகாபிட் என்றால், 800 ஜிகாபைட் போய்ச்சேர இடைவிடாமல் ஏழரை நாள் ஆகும். நொடிக்கு 100 மெகாபைட் எழுதும் ஹார்ட் டிஸ்குக்கு அதே வேலை இரண்டே கால் மணி நேரம். திரும்ப இறக்கும்போதும் இதே பொறுமை வேண்டும். அதனால்தான் கிளவுடை மட்டும் நம்பியிருப்பது எனக்குப் பிடிப்பதில்லை.

இரண்டு டிஸ்குகளில் ஒரே நேரத்தில் எழுதும் ரெய்டு பெட்டி வாங்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஒரு டிஸ்க் பழுதானால் வேலை நிற்காமல் ஓட அது உதவும். கோப்பை அழித்தால் இரண்டிலும் ஒரே கணத்தில் அழியும். மின்னல் இறங்கினால் இரண்டும் சேர்ந்து போகும். நம் கணக்கில் அது ஒரு பிரதி.

எப்போதும் செருகியே இருக்கும் டிஸ்கும் அப்படித்தான். பிணைத்தொகை கேட்கும் ரான்சம்வேர் கணினிக்குள் புகுந்தால், எழுத முடிகிற இடங்களையெல்லாம் தேடிப் பூட்டும். செருகியிருக்கும் டிஸ்கை அது விட்டுவைக்காது. 2017 ஜூனில் நாட்பெட்யா என்ற நாசநிரல் மேர்ஸ்க் கப்பல் நிறுவனத்தைத் தாக்கியபோது நடந்ததைச் சொல்கிறேன். அந்த நிறுவனத்தின் வலையமைப்புக்கே வரைபடம் போன்ற டொமைன் கன்ட்ரோலர் சர்வர்கள் உலகெங்கும் ஏறத்தாழ 150 இருந்தன. ஒவ்வொன்றும் மற்றவற்றுக்குப் பிரதி. எல்லாம் ஒன்றோடொன்று ஒத்திசைந்தவை. ஆகவே தனியாகக் காப்புப் பிரதி எதற்கு என்று இருந்துவிட்டார்கள். தாக்குதலில் எல்லாம் ஒன்றாக அழிந்தன. கானாவில் மட்டும் ஒன்று தப்பியது. தாக்குதலுக்குச் சற்றுமுன் அங்கே மின்சாரம் போயிருந்தது. அங்கிருந்து இணையம் வழியாக அனுப்ப நாட்கணக்கில் ஆகும் என்பதால், ஒரு ஊழியர் நைஜீரியா வரை பறந்து இன்னொருவர் கையில் ஹார்ட் டிஸ்கைக் கொடுக்க, அவர் அதை இங்கிலாந்துக்குக் கொண்டுசேர்த்தார். 150 பிரதிகள் செய்யாததை, மின்சாரம் இல்லாமல் கிடந்த ஒன்று செய்தது. காப்பு எடுத்து முடித்ததும் வயரைப் பிடுங்கி வையுங்கள் என்று நான் எல்லோரிடமும் மன்றாடுவது இதற்காகத்தான். கணினியில் 'இஜெக்ட்' கொடுத்து முறையாக விடுவித்துவிட்டுப் பிடுங்குங்கள். எழுதுவதுபோல் தோன்றாவிட்டாலும் கடைசிச் சில கோப்புகள் நினைவகத்தில் காத்திருக்கக்கூடும்.

புகைப்படக்காரர் பீட்டர் க்ரோக் பரப்பிய 3-2-1 விதியைப் பலரும் சொல்லக் கேட்டிருப்பீர்கள்: 3 பிரதிகள், 2 வகைச் சாதனங்கள், 1 வெளியிடத்தில். நல்ல விதிதான். நான் சொல்லிவரும் கணக்கும் அதன் உட்பொருளும் ஒன்றே.

உங்கள் நிலைக்கு அதை இப்படிப் பொருத்துவேன். முதலில் தரவைப் பிரியுங்கள். வீடியோக்களும் படங்களும் பெரியவை, ஆனால் ஒருமுறை சேர்ந்தபின் மாறுவதில்லை. ஆய்வுக் கோப்புகள் சிறியவை, நாள்தோறும் மாறுபவை, ஒரு வார உழைப்பு போனாலும் மனம் உடையும். எல்லாவற்றுக்கும் ஒரே முறை வைப்பதால்தான் பலர் பாதியில் களைத்து விட்டுவிடுகிறார்கள். 2 டெராபைட் ஹார்ட் டிஸ்குகள் இரண்டு வாங்குங்கள். வெவ்வேறு நிறுவனத்தவையாக இருந்தால் நல்லது, ஒரே தொகுப்பில் உருவானவை ஒரே குறையால் அடுத்தடுத்துப் பழுதாவதைப் பார்த்திருக்கிறேன். ஒன்று உங்கள் மேசையருகே. வாரம் ஒருமுறை செருகி, காப்பு எடுத்து, பிடுங்கி வைப்பதற்கு. மற்றது வேறு கட்டடத்தில், நீங்கள் நம்பும் ஒருவரிடம். மாதம் ஒருமுறை இரண்டையும் இடம் மாற்றுங்கள்; எப்படியும் ஒன்று வெளியே இருக்கும். ஆய்வுக் கோப்புகளை மட்டும் நாள்தோறும் தானாகக் கிளவுடுக்கு அனுப்புங்கள். அளவு சிறிது என்பதால் வேகம் தடையாகாது. படங்களையும் பின்னர் மெல்ல மெல்ல ஏற்றலாம், அவசரமில்லை.

கோப்புறையை இழுத்துப் போட்டுப் பழையதன்மேல் எழுதுவதைத் தவிருங்கள். பதிப்புகளை அடுக்கிவைக்கும் மென்பொருள் வேண்டும். விண்டோஸில் ஃபைல் ஹிஸ்டரி, மேக்கில் டைம் மெஷின் உள்ளேயே இருக்கின்றன. இன்னும் கட்டுப்பாடு வேண்டுமென்றால் ரெஸ்டிக் என்ற இலவச மென்பொருளை எனக்குப் பிடிக்கும். திறவுகோல் இல்லாதவர் படிக்க முடியாதபடி மறைகுறியாக்கி எழுதும், மாறாத பகுதிகளைத் திரும்ப எழுதாது, பிரதியில் உள்ள எல்லாவற்றையும் மறுபடி படித்துச் சரிபார்க்கவும் செய்யும்.

வெளியே போகும் டிஸ்கைக் கட்டாயம் மறைகுறியாக்குங்கள். பிட்லாக்கர், ஃபைல்வால்ட், வெராகிரிப்ட் எதுவானாலும் சரி. அதே கையோடு திறவுகோலைத் தாளில் எழுதி இரண்டு இடங்களில் வையுங்கள். இப்போதைய விண்டோஸ் மடிக்கணினிகள் பல, கேட்காமலே உள் டிஸ்கை மறைகுறியாக்கிவிடுகின்றன. மதர்போர்டு பழுதாகி டிஸ்கை வேறு கணினியில் செருகினால் 48 இலக்க மீட்புத் திறவுகோலைக் கேட்கும். அது இல்லையென்றால் டிஸ்க் நலமாக இருந்தும் பயனில்லை. இன்றே அந்த எண்ணைத் தேடி எழுதிக்கொள்ளுங்கள்.

இனி, மிக அதிகம் பேர் விட்டுவிடும் பகுதி. மென்பொருள் எழுதுவோர் தங்கள் நிரல்களைச் சேமித்துவைக்கும் தளத்தை நடத்தும் கிட்லேப் நிறுவனத்தில் 2017 ஜனவரி 31 இரவு ஒரு பொறியாளர் தவறான சர்வரில் கட்டளை கொடுத்து, பயனர்களுக்காக ஓடிக்கொண்டிருந்த முதன்மைத் தரவுத்தளத்தை அழித்துவிட்டார். சட்டென்று உணர்ந்து நிறுத்தும்போது ஏறத்தாழ 300 ஜிகாபைட்டில் 4.5தான் எஞ்சியிருந்தது. காப்புக்கு 5 ஏற்பாடுகள் வைத்திருந்தார்கள். தேவைப்பட்ட நேரத்தில் ஒன்றும் சரியாகக் கைகொடுக்கவில்லை. அன்றாடக் காப்பு, மென்பொருள் பதிப்புப் பொருந்தாமல் நெடுநாளாகவே தோற்றுக்கொண்டிருந்தது. தோற்றதைச் சொல்லும் மின்னஞ்சல்களோ நிராகரிக்கப்பட்டு யார் கண்ணிலும் படவில்லை. வேறொரு வேலைக்காக 6 மணி நேரம் முன்பு தற்செயலாக எடுத்த பிரதி இருந்ததால் பிழைத்தார்கள். நடந்ததை ஒளிக்காமல் அவர்களே எழுதி வெளியிட்டதால்தான் நமக்கு இது தெரிகிறது. அந்த நேர்மைக்கு நான் நன்றியுள்ளவன்.

எனக்கும் ஒருமுறை இது நேர்ந்தது. இரவுதோறும் காப்பு ஓடும், காலையில் பச்சை நிறத்தில் 'வெற்றி' என்று வரும். ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் அதைப் பார்த்து நிம்மதியாக இருந்தேன். இறந்துபோன என் பெரியம்மாவின் படம் ஒன்று வேண்டியிருந்தது, மூலம் கெட்டிருந்தது, காப்பைத் திறந்தேன். 'படங்கள்' என்ற கோப்புறை இருந்தது. உள்ளே போனால் 0 கோப்புகள். இடம் போதவில்லை என்று படங்களையெல்லாம் முன்பே வேறு டிரைவுக்கு மாற்றியிருந்தேன். காப்பு மென்பொருள் காலியான பழைய கோப்புறையைத் தவறாமல், வெற்றிகரமாக, இரவுதோறும் நகலெடுத்து வந்திருக்கிறது. அந்தப் படம் கிடைக்கவில்லை.

திரும்ப எடுத்துப் பார்க்காத காப்பு ஏட்டுச் சுரைக்காய்தான். 3 மாதத்துக்கு ஒருமுறை, வெவ்வேறு ஆண்டுகளிலிருந்து 10 கோப்புகளைத் தேர்ந்து, முடிந்தால் வேறு கணினியில் மீட்டுத் திறந்து பாருங்கள். பெயரும் அளவும் சரியாக இருப்பது போதாது. சிதைந்த ஒளிப்படத்தின் சிறுபடம் பட்டியலில் அழகாகவே தெரியும். முழுதாகத் திறந்தால் முகம் வரைக்கும் வந்து, அதற்குக் கீழே சாம்பல் நிறப் பட்டையாக இருக்கும். வீடியோவை நடுவிலும் இறுதியிலும் ஓட்டிப் பாருங்கள். ஆய்வுக் கோப்புகளில் மிகப் பழையதைத் திறக்கும் மென்பொருள் இன்னும் உங்களிடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். டிஸ்குகள் நன்றாக ஓடினாலும் 5 ஆண்டில் புதியவற்றுக்கு மாற்றிவிடுவது என் வழக்கம்.

கடைசியாக அந்த 40 டிவிடிகள். எல்லாவற்றுக்கும் முன்னால் அவற்றைத்தான் தொடங்குவேன், ஏனென்றால் உங்கள் தரவில் ஒரே பிரதியாக இருப்பவை அவை மட்டுமே. மொத்தமும் 190 ஜிகாபைட்டுக்குள் அடங்கிவிடும். யூஎஸ்பியில் செருகும் டிவிடி டிரைவ் ஒன்று போதும். மென்மையான துணியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேர்கோட்டில் துடையுங்கள். வட்டமாகத் தேய்க்க வேண்டாம். நகலெடுக்கும்போது ஒரு தட்டு திணறினால் அதோடு மல்லுக்கட்டாமல் ஒதுக்கிவிட்டு அடுத்ததற்குப் போங்கள். ஒதுக்கியவற்றுக்கு டிடிரெஸ்க்யூ என்ற மென்பொருள் இருக்கிறது. நன்றாகப் படிக்க முடிகிற பகுதிகளை முதலில் எடுத்துவிட்டு, முடியாத இடங்களைக் குறித்துவைத்துக்கொண்டு மீண்டும் மீண்டும் முயலும். அந்தக் குறிப்புக் கோப்பை அழிக்காமல் வைத்து, அதே தட்டை வேறொரு டிரைவில் போட்டுத் தொடருங்கள். ஒரு டிரைவ் படிக்காத இடத்தை இன்னொன்று படிப்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன். இரண்டும் சேர்ந்து முழுத் தட்டையும் தந்துவிடும்.